வாடகைச் சட்டமும் ஜார்ஜ் டவுன் குடிகளும்

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நிறுவிய ஜார்ஜ் டவுன், சீனரும் மலாய்க்காரரும், சூலியர் என அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்த துறைமுக நகரமாக வளர்ந்தது. கீழே கடையும் மேலே குடியிருப்புமாக அமைந்த அதன் கடைவீடுகளில் கூடை முடைவோர், பெயர்ப்பலகை செதுக்குவோர், ஊதுபத்தி செய்வோர் போன்ற கைவினைஞர் தலைமுறைகளாகத் தங்க முடிந்ததற்கு, பழங்கட்டடங்களின் வாடகையைக் கட்டுக்குள் வைத்த 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே முதன்மைக் காரணம்; ஆயினும், சொற்ப வருவாயே பெற்ற உரிமையாளர்கள் பழுதுபார்ப்பதைக் கைவிட்டதால் பல வீடுகள் சிதைந்தன. 1997இல் நீக்கப்பட்ட அச்சட்டத்தின் பாதுகாப்பு, இடைக்கால அவகாசம் முடிந்து 2000 ஜனவரியில் முற்றாக அகன்றபோது, பன்மடங்கு உயர்ந்த வாடகையைச் செலுத்த இயலாத குடும்பங்கள் நகரின் நடுப்பகுதியை விட்டு வெளியேறின.

2008இல் மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோ வழங்கிய உலக மரபுரிமைத் தகுதி கட்டடங்களைக் காத்தது என்றாலும், அது ஈர்த்த முதலீடு கடைவீடுகளை விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாற்றி, வசதி படைத்தோர் வருகையால் பழைய குடிகள் விலக நேரும் மேட்டுக்குடியாக்கத்தை விரைவுபடுத்தியது. பல்லினப் பண்பாடே அத்தகுதிக்கான காரணங்களுள் ஒன்றாக இருக்க, அப்பண்பாட்டைத் தாங்கிய மக்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் இடமளிக்காத எந்த மரபுப் பாதுகாப்பும் முழுமையாகாது.