காரணம் கூறும் கடமை: ஆய்விதழ் மதிப்பீடும் மதுரை மரபும்

ஆய்விதழுக்கு வரும் கட்டுரையை அதே துறையில் உழைத்தவர் ஒருவரோ இருவரோ படித்து, அதன் சான்றுகளையும் வாதத்தையும் சோதித்து, ஏற்கலாம், திருத்தி ஏற்கலாம், மறுக்கலாம் என்று பதிப்பாசிரியருக்குக் காரணத்தோடு எழுதித் தெரிவிக்கும் முறை வல்லுநர் மதிப்பாய்வு எனப்படும். இந்திய உயர்கல்வியில் அண்மைக் காலத்தில் எழுந்த தர விவாதம், ஒரு கட்டுரை எவ்வாறு சோதிக்கப்பட்டது என்று கேட்பதை விடுத்து, அது வந்த இதழ் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று கேட்பதிலேயே பெரிதும் நின்றுவிட்டது. பட்டியலால் இதழை அடையாளம் காட்ட முடியுமே தவிரக் கட்டுரையை மதிப்பிட முடியாது. காரணம் எழுதப்படாத மதிப்பீடு எந்தப் பட்டியலின் நிழலில் நடந்தாலும் மதிப்பீடாகாது என்பதே இங்கு நிறுவ முயலும் கருத்து.

பல்கலைக்கழக மானியக் குழு 2010ஆம் ஆண்டு விதிகளில் ஆசிரியர் பதவி உயர்வை வெளியீட்டுப் புள்ளிகளோடு இணைத்தது. 2016ஆம் ஆண்டு விதிகள், முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் ஓர் ஆய்விதழ்க் கட்டுரையாவது வெளிவந்திருக்க வேண்டும் என்றன. தேவை கட்டாயமானதும், பணம் பெற்றுக்கொண்டு மதிப்பாய்வே இல்லாமல் வெளியிடும் போலி ஆய்விதழ்கள் பெருகின. அவற்றை விலக்க 2017இல் வெளியிட்ட ஏற்புப் பட்டியலிலிருந்து குழுவே 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. அதற்குப் பின் வந்த 'கேர்' பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டு, இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கல்வி நிறுவனங்களிடமே திரும்பியது. இதற்கிடையில் 2022ஆம் ஆண்டு விதிகள் முனைவர் பட்டத்துக்கான வெளியீட்டுக் கட்டாயத்தையும் நீக்கிவிட்டன.

மதிப்பாய்வு பெயரளவில் நின்றால் என்ன நேரும் என்பதை 2013இல் 'சயின்ஸ்' இதழுக்காக ஜான் பொஹானன் நடத்திய சோதனை காட்டியது. அவர் புற்றுநோய் மருந்து பற்றிய ஒரு கற்பனைக் கட்டுரையைப் பல வடிவங்களில் 304 இதழ்களுக்கு அனுப்ப, 157 இதழ்கள் ஏற்றன, 98 இதழ்கள் மறுத்தன. மருந்தின் அளவு கூடக்கூட விளைவும் கூடுகிறது என்று அக்கட்டுரை கூறியது. அதிலிருந்த வரைபடமோ அளவு எவ்வளவு மாறினாலும் விளைவு ஏறத்தாழ ஒன்றே என்று காட்டியது. வாக்கியத்தையும் படத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும் புலப்படும் பிழை இது. ஏற்ற இதழ்களில் பலவற்றில் அவ்வாறு பார்த்தவர் எவரும் இல்லை.

தமிழியல் துறையில் இக்குறை வேறு வடிவம் கொள்கிறது. கருத்தரங்கு அறிவிப்பில் கட்டுரைக் கட்டணமும் கடைசித் தேதியும் பக்க வரம்பும் எழுத்துருவும் தெளிவாக இருக்கும். கட்டுரையை யார் படிப்பார், எத்தனை நாள் எடுப்பார், மறுக்கப்பட்டால் கட்டணம் என்னவாகும் என்ற குறிப்பு பெரும்பாலும் இராது. பணம் கட்டியவர் அனைவரின் கட்டுரைகளும் கருத்தரங்கு நாளன்றே சிறப்பிதழாகக் கையில் கிடைக்குமாயின், இடையில் மதிப்பாய்வு நடந்திருக்க வழியில்லை. கருத்துத் திருட்டைத் தடுக்க 2018இல் வந்த விதிகள் பத்து விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஒப்புமைக்குப் படிப்படியாகத் தண்டனை வகுத்தன. எனினும் ஒப்புமை காட்டும் மென்பொருள் சொற்றொடர்களைத்தான் ஒப்பிடுகிறது. வேற்றுமொழி நூலொன்றின் வாதத்தைத் தமிழில் பெயர்த்துத் தன்னுடையதாகத் தருபவரை, அந்த நூலைப் படித்த மதிப்பீட்டாளரால்தான் பெரும்பாலும் அடையாளம் காண இயலும்.

இத்தகைய சோதனை தமிழ் மரபுக்குப் புதியதன்று. இறையனார் களவியல் உரை கூறும் வரலாற்றின்படி, அக்களவியல் நூலின் அறுபது சூத்திரங்களுக்குத் தனித்தனியே உரை கண்ட மதுரைச் சங்கப் புலவர்கள் தம் உரைகளுள் மெய்யுரை எதுவெனத் தாமே முடிவுசெய்யாமல், நடுநின்று தீர்க்கும் காரணிகன் ஒருவனைத் தருமாறு பாண்டியனை வேண்டினர். நாற்பத்தொன்பதின்மருக்கு நிகரானவரை எங்கே தேடுவது என்று அரசன் கைவிரித்தான். இறுதியில் உருத்திரசன்மன் என்னும் வாய்பேசாச் சிறுவன் உரைகளைக் கேட்டு, நக்கீரர் உரைக்கு மெய்சிலிர்த்துக் கண்ணீர் வார்த்தான். எழுதியவரே தம் எழுத்துக்கு நடுவராகக் கூடாது, நடுவருக்கு எப்பக்கத்திலும் நலன் இருக்கக் கூடாது என்னும் இரண்டு நெறிகள் இக்கதையில் உள்ளன. சிறிய துறையில் நடுவர் கிடைப்பதன் அருமையையும் அது அறிந்திருக்கிறது. ஆயினும் அத்தீர்ப்பில் காரணம் இல்லை. ஏன் பிற உரைகள் தள்ளப்பட்டன என்பதை அவற்றை எழுதியோர் அறிய வழியில்லை.

அக்குறையைத் தீர்ப்பது தொல்காப்பிய அரங்கேற்றம் பற்றி நச்சினார்க்கினியர் தரும் செய்தி. பாண்டியன் அவையில் நூலைக் கேட்கவேண்டிய அதங்கோட்டாசானைக் கேளாதிருக்குமாறு அகத்தியர் பணித்திருந்தார். கேட்க மறுக்கவும் இயலாமல், ஆசிரியர் சொல்லைத் தட்டவும் இயலாமல் நின்ற அவர், குற்றங்கூறும் நோக்குடனே கேட்டுத் தடைகளை எழுப்ப, தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடை கூறி நூலை நிறுவினார். இது வரலாற்று நிகழ்ச்சியா என்பது வேறு வினா. நடுவரிடம் சார்பு இருந்தபோதிலும், தடை வெளிப்படையாகச் சொல்லப்பட்டு ஆசிரியருக்கு விடையளிக்க இடமும் தரப்பட்டதால் நூல் தன் தகுதியாலேயே நின்றது என்பதுதான் இங்கு கருதத்தக்கது. நடுவரின் மனத்தூய்மையை எந்த விதியாலும் அளக்க முடியாது. அவர் எழுதிய காரணத்தை எவரும் அளக்கலாம்.

1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம், ரா. இராகவையங்காரும் பின்னர் மு. இராகவையங்காரும் ஆசிரியராயிருந்த 'செந்தமிழ்' இதழின் வழியே தமிழாய்வுக்கு அச்சில் ஓர் அவை அமைத்தது. அம்மரபைத் தொடர விரும்பும் இன்றைய தமிழ் இதழ்கள் மூன்று கடமைகளை ஏற்பது தகும். மதிப்பீட்டாளரின் பெயரை மறைத்தாலும், அவர் எழுதிய குறிப்பையும் ஆசிரியர் தந்த விடையையும் கட்டுரையோடு சேர்த்து வெளியிடுவது முதலாவது. நெறியாளர், உடன் பணிபுரிவோர், உறவினர் ஆகியோரின் கட்டுரையை மதிப்பிட மறுக்கும்படி மதிப்பீட்டாளரிடம் எழுத்துறுதி பெறுவது இரண்டாவது. கட்டணம் ஏதேனும் இருப்பின் அதை முன்கூட்டியே அறிவித்து, ஏற்பு முடிவோடு அதற்குத் தொடர்பின்றிச் செய்வது மூன்றாவது.

குறிப்புகளை வெளியிட்டால் இளைய மதிப்பீட்டாளர் மூத்தோரை விமர்சிக்க அஞ்சுவர் என்ற தடை மதிக்கத்தக்கது. சிறிய துறையில் நடையைக் கொண்டே ஆளை அறிந்துவிடுவர் என்பதும் உண்மை. அதற்கு விடை, குறிப்பை மறைப்பதில் இல்லை. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் உட்படத் தமிழாய்வு நடக்கும் இடங்களிலெல்லாம் மதிப்பீட்டாளரைத் தேடி வட்டத்தை விரிப்பதிலும், அவர் உழைப்பைப் பதவி உயர்வுக்குரிய கல்விப்பணியாகக் கல்லூரிகள் கணக்கிடுவதிலும் அது இருக்கிறது. பட்டியல் விலகிய இன்றைய நிலையில், பதவி உயர்வுக் குழு ஒரு கட்டுரையைப் பற்றி முதலில் கேட்கவேண்டியது அது எங்கே வெளிவந்தது என்பதன்று. அதற்கு எழுப்பப்பட்ட தடைகள் எவை, ஆசிரியர் அவற்றுக்கு என்ன விடை தந்தார் என்பதே. அக்கேள்விக்கு ஆவணத்தோடு விடை தரக்கூடிய இதழே ஆய்விதழ் என்னும் பெயருக்கு உரியது.