கட்டைவிரலின் விலை

சட்டங்களை இலக்கியம் படிப்பதுபோலப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. யார் எழுவாய், யார் செயப்படுபொருள் என்று பார்ப்பேன். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தையும் அப்படித்தான் படித்தேன்.

அதற்கு முன்பு ஆலையிலோ சுரங்கத்திலோ ஒருவர் இறந்தால், குடும்பத்துக்கு இருந்த வழிகளில் ஒன்று 1855ஆம் ஆண்டின் மரண விபத்துகள் சட்டம். முதலாளியின் தவறால்தான் சாவு நேர்ந்தது என்று வழக்காடி நிறுவ வேண்டும். கையில் காசும் சாட்சியும் இல்லாத ஒரு கைம்பெண் அதை எப்படி நிறுவுவாள்? 1924 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் கேள்வியையே மாற்றியது. தவறு யாருடையது என்பதை விட்டுவிட்டு, வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்ததா என்று கேட்டது. பிச்சையாகக் கிடைத்ததை உரிமையாக்கிய மாற்றம் இது. இதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை.

ஆனால் அந்த உரிமையின் கணக்கைப் பாருங்கள். சட்டத்தின் முதல் அட்டவணை உடலைச் சதவீதங்களாகப் பிரிக்கிறது. இரு கைகளும் போனால் 100. ஒரு கையின் நான்கு விரல்கள் போனால் 50. கட்டைவிரல் போனால் 30. இந்தச் சதவீதத்தில் ஆண், பெண் பேதமில்லை. பேதம் அடுத்த வரியில் நுழைகிறது. முழு ஊனத்துக்கு மாதக் கூலியின் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அது 184.17.

ஒரே கட்டடத்தில், 40 வயதில், மாதம் 12,000 ரூபாய் வாங்கும் ஆணும் 8,000 ரூபாய் வாங்கும் சித்தாளும் கட்டைவிரலை இழந்ததாக வைத்துக்கொள்வோம். அவருக்கு ஏறத்தாழ 3,97,800 ரூபாய், அவளுக்கு 2,65,200. சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. கூலியில் நீடித்த அநீதியை இழப்பீடு அப்படியே நகலெடுக்கிறது. வீட்டில் அவள் அதே விரலால் செய்த கூலியில்லா வேலைக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

கணக்கைவிட என்னை உறுத்தியது 8ஆம் பிரிவு. ஒரு பெண்ணுக்கோ, சட்டப்படியான தகுதிக்குறை உள்ளவருக்கோ மொத்தத் தொகையை முதலாளி நேரடியாகத் தரக்கூடாது. ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். அதை எப்படி முதலீடு செய்வது, எப்படிச் செலவிடுவது என்பதை ஆணையர் தீர்மானிக்கலாம். ஏமாற்றப்படாமல் காக்கவே இந்த ஏற்பாடு என்பார்கள். காப்புத் தேவைதான். ஆனால் உழைத்து விரலிழந்த பெண்ணை மைனரோடும் மனநலம் குன்றியவரோடும் ஒரே வரியில் நிறுத்தியது எந்தக் காப்பு? 2009ஆம் ஆண்டுத் திருத்தம் 'வொர்க்மேன்' என்ற சொல்லை 'எம்ப்ளாயி' ஆக்கியது. அந்த வரியிலிருந்த பெண்ணை அது விடுவிக்கவில்லை.

சார்ந்தோர் பட்டியலும் இப்படித்தான். கைம்பெண் இயல்பாகவே சார்ந்தவள். மனைவியை இழந்தவனோ அவள் வருமானத்தைச் சார்ந்திருந்ததாகக் காட்ட வேண்டும். தொல்காப்பியம் மனைவியை இழந்தவன் நிலையைத் தபுதாரம் என்றும், கணவனை இழந்தவள் நிலையைத் தாபதம் என்றும் பெயரிட்டது. இரண்டும் இழப்பே. சட்டமோ அவள் கூலியில் ஒரு குடும்பம் நடந்திருக்கும் என்பதை எளிதில் நம்பவில்லை.

1948ஆம் ஆண்டின் ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டமாகத் தொடங்கியது. மொத்தத் தொகைக்குப் பதில் தொடர்ந்து வரும் உதவித்தொகை என்பது பெரிய முன்னேற்றம். அதிலும் கைம்பெண்ணின் பங்கு அவள் வாழ்நாள் வரை, அல்லது மறுமணம் வரை. அவளுடைய படுக்கையறை வரை காப்பீட்டுக் கோப்பு நீள்கிறது.

2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இந்த இரு சட்டங்களையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. மாணவிகள் அதைத் தேடிப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒப்பந்தக்காரர் கைவிரித்தாலும் முதன்மை முதலாளியிடம் கேட்கலாம் என்று 1923இன் 12ஆம் பிரிவே சொன்னது. இதை அறியாமல், கையில் திணிக்கப்பட்ட சில ஆயிரங்களோடு ஊர் திரும்பிய சித்தாள்கள் எத்தனை பேர்? விரலுக்கு விலை எழுதிய கைகள் நம்முடையவை அல்ல. அந்த விலையைப் படித்து, எதிர்த்து, திருத்தி எழுதும் கைகளாவது நம்முடையவையாக இருக்கட்டும்.