கைமாறும் சஞ்சிகை: ஹைதராபாத் சொல்லும் பாடம்

சென்ற நோன்புப் பெருநாள் கழிந்த வாரம் எங்களூர் மூத்த ஆசிரியர் ஒருவர் இரண்டு காட்போட் பெட்டிகளோடு வீட்டுக்கு வந்தார். ஒன்றில் அச்சேறாத கட்டுரைகள். மற்றதில் சந்தாதாரர் பெயர் எழுதிய சீ.ஆர். கொப்பிகள். பதினெட்டு வருடமாக அவர் தனியாளாக நடத்தி வந்த வரலாற்றுச் சஞ்சிகையின் முழுச் சொத்தும் அவ்வளவுதான்.

"இனி புரூஃப் பாக்க கண் விடுகுதில்ல மகன். நீங்க பாரமெடுங்க" என்றார்.

"யோசிச்சிச் சொல்றன் சேர்" என்றேன்.

சஞ்சிகைக்கு ஓர் இருப்பிடம் வேண்டுமே என்று இரண்டு நிறுவனங்களிடம் போய்ப் பேசினேன். ஒன்று அறை தர இசைந்தது. ஆனால் எதைப் போடுவது, எதை விடுவது என்பதைத் தாங்களே தீர்மானிப்போம் என்றது. மற்றது தன் பெயரை அட்டையில் போடச் சொன்னது. அச்சுக்கூலி பற்றி வாய் திறக்கவில்லை.

அந்த நாட்களில்தான் ஹைதராபாத்தின் 'இஸ்லாமிக் கல்ச்சர்' காலாண்டிதழின் கதையை மீண்டும் நினைத்துப் பார்த்தேன்.

அதன் முதல் இதழ் 1927 ஜனவரியில் வெளிவந்தது. ஆசிரியர் மர்மடியூக் பிக்தால்: ஆங்கில நாவலாசிரியர், இஸ்லாத்தைத் தழுவியவர், பம்பாயில் பத்திரிகை நடத்தியவர். 1925ல் ஹைதராபாத்துக்கு அவர் வந்தது சாதர்காட் உயர்பாடசாலையின் அதிபராக. பாடசாலை மணிக்கும் புரூஃபுக்கும் இடையில் அல்லாடும் என் போன்றவர்களுக்கு அது ஒரு ஆறுதல்! ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அவருக்குப் பின்னால் நிஸாம் மீர் உஸ்மான் அலி கானின் அரசு இருந்தது. குர்ஆன் மொழிபெயர்ப்பை முடிக்க இரண்டு வருட விசேட லீவும் கொடுத்தது. 1930ல் அம்மொழிபெயர்ப்பு வெளியானது.

1935ல் பிக்தால் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். அடுத்த வருடம் மே மாதம் வபாத்தானார். ஒரு மனிதரின் பெயரோடு ஒட்டியிருந்த ஏடு அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஆசிரியர் பொறுப்பு முஹம்மத் அஸதிடம் வந்தது. லெம்பெர்க் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1926ல் இஸ்லாத்தை ஏற்ற பத்திரிகையாளர் அவர். அவரும் நெடுங்காலம் அங்கே இருக்கவில்லை. 1939ல் போர் மூண்டதும் பிரித்தானிய ஆட்சி அவரை எதிரி நாட்டவர் என்று தடுத்து வைத்தது. வெளியே வந்தது 1945ல்.

அவர் அடைபட்டிருந்த அக்காலத்திலும் ஏடு வந்துகொண்டிருந்தது. உஸ்மானியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முஹம்மத் ஹமீதுல்லாஹ், இஸ்லாமிய சர்வதேசச் சட்டம் பற்றிய தமது நூலை 1941ல் அதிலேதான் வெளியிட்டார்.

பெரிய சோதனை 1948 செப்டெம்பரில் வந்தது. இந்தியப் படை புகுந்து சில நாட்களில் நிஸாமின் ஆட்சி முடிந்தது. ஐ.நா.வில் ஹைதராபாத்துக்காக வாதாடப் போன குழுவில் இருந்த ஹமீதுல்லாஹ் ஊர் திரும்பாமல் பாரிஸிலேயே தங்கிவிட்டார். ஏட்டைத் தொடங்கி வைத்த அரசே இல்லை. எழுதியவர்களில் சிலர் நாட்டில் இல்லை. ஆயினும் 1949லும் ஏடு வந்தது. அதன் பின்னும் பல பத்தாண்டுகள் இஸ்லாமிக் கல்ச்சர் போர்டின் பெயரில் வந்தது.

இதில் நான் கண்டது இதுதான். ஆசிரியர் போனார், இன்னொருவர் வந்தார். அரசு போனது, போர்டு இருந்தது. பிக்தாலின் திறமை ஏட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது உண்மை. ஆனால் அவருக்குப் பின்னும் அது தொடர்ந்ததற்குக் காரணம், பொறுப்பை வாங்கிக்கொள்ள ஓர் அமைப்பு இருந்ததே. நம்மிடையே எத்தனையோ சஞ்சிகைகள் ஆசிரியரின் ஜனாஸாவோடு அடங்கிப் போனதற்கு எழுத ஆளில்லாமை மட்டும் காரணமல்ல. கொப்பியையும் கணக்கையும் ஏற்க ஒரு சபை இல்லாமையும்தான்.

போன வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு சேரைச் சந்தித்தேன்.

"மூணு வருசத்துக்கு எடுக்கிறன் சேர். ஆனா தனிய இல்ல. அஞ்சு பேர் கொண்ட குழு. கட்டுரையத் தெரியிறது அவங்கட வேல. எடம் தாறவங்க எடம் மட்டும் தரட்டும். அத எழுத்துல வாங்குவம்."

"மூணு வருசத்துக்குப் பொறகு?"

"அடுத்த ஆளத் தேடுறதுதான் சேர் என்ட மொத வேல."

அவர் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து தபால் பெட்டிச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.