அல்லகுறி: ‘டெவ்/சிடிரோம்’ என்ற பெயரின் வரலாறு

என் பெரியம்மா பாடிய தாலாட்டுகளைப் பதிந்துவைத்த குறுந்தகடு ஒன்று வீட்டில் இருக்கிறது. பழைய லினக்ஸ் கணினியில் அதைப் போட்டுக் கேட்க முயன்றேன். தட்டு உள்ளே போனது, சிறுவிளக்கு மின்னியது, வட்டு சுழலும் ஓசையும் கேட்டது. பாடவைக்க வேண்டிய மென்பொருள் மட்டும் ‘/டெவ்/சிடிரோம் இல்லை’ என்று சொல்லி நின்றுவிட்டது. விவரம் தெரிந்த நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் கேட்டேன். “இணைப்பு அறுந்திருக்கும், பாருங்க” என்றார். நான் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். கேபிளைப் பிடுங்கி, பக்கத்தில் இருந்த வேறொரு துளையில் செருகினேன். அரை நாள் போயிற்று; பாட்டு வரவில்லை.

நண்பர் சொன்ன இணைப்பு வேறு, நான் தேடிய இணைப்பு வேறு. கேபிள் நன்றாகவே இருந்தது. காணாமற்போனது ஒரு பெயர். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, ஏன் தொலைகிறது என்று தேடப் போனபோதுதான், ஒரு கலைச்சொல் சரியாக அமையாவிட்டால் கை எவ்வளவு தவறான இடத்துக்குப் போகும் என்று கண்டேன்.

வட்டு

பொருளிலிருந்து தொடங்குவோம். தமிழகத்தில் குறுந்தகடு என்கிறோம், ஈழத்தில் இறுவட்டு. யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர்ந்த தமிழரிடையிலும் ‘இறுவட்டு வெளியீட்டு விழா’ என்றுதான் அழைப்பிதழ் அச்சிடுவார்கள். ‘காம்பாக்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சிறியது என்றும் இறுகியது என்றும் பொருள் உண்டு. தமிழகம் சிறுமையைப் பிடித்துக்கொண்டது, ஈழம் இறுக்கத்தைப் பிடித்துக்கொண்டது எனலாம். பொருளுக்கு இரண்டும் பொருந்தும்: 12 செ.மீ. விட்டமுள்ள தகட்டில் 650 மெகாபைட் தரவு இறுகிக் கிடக்கிறது.

‘வட்டு’ பழைய சொல். கட்டம் கீறி ஆடும் ஆட்டத்தில் உருட்டும் காய்க்கு அப்பெயர். அரங்கு வகுக்காமல் வட்டாடுவதை, நூலறிவு நிரம்பாமல் அவையில் பேசுவதற்கு உவமையாக்கினார் வள்ளுவர். ஆங்கிலத்தின் ‘டிஸ்க்’ கிரேக்கத்தின் ‘டிஸ்கோஸ்’ வழியே வந்தது. எறிதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த அச்சொல், விளையாட்டு வீரர் எறியும் தட்டைக் குறித்தது. இரு மொழியிலும் இந்தச் சொல் ஆடுகளத்தில் பிறந்து கணினிக்கு வந்திருக்கிறது.

பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த இசை வட்டு, 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதே வட்டில் கணினித் தரவைப் பதியும் முறையும் அடுத்து வகுக்கப்பட்டது. அதுதான் சிடி-ரோம்; படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது என்பதை ‘ரோம்’ சொல்கிறது. எந்தக் கணினியும் படிக்கும்படி கோப்புகளை அடுக்கும் ஒழுங்கு 1988இல் ஐஎஸ்ஓ 9660 என்ற தரமாயிற்று.

சிடிரோம் என்பது வட்டின் பெயர். ஆனால் ‘சிடிரோம் பழுது’ என்று கடையில் சொன்னால், கடைக்காரர் வட்டைப் படிக்கும் கருவியைத்தான் பார்ப்பார். பாலை இறக்கு என்றால் பால் இருக்கும் குடத்தை இறக்குவது போல, உள்ளே இருப்பதன் பெயர் கொண்டிருப்பதற்கு ஆகிவருகிறது. நம் இலக்கணம் இதைத் தானியாகுபெயர் என்கிறது. பிறகு 1996இல் டிவிடி வந்தது. அதன்பின் புளூ-ரே வந்தது. படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டரிலிருந்து 650க்கும், அங்கிருந்து 405க்கும் இறங்கியது. கருவி மூன்று தலைமுறை மாறியும் லினக்ஸில் அதன் அழைப்புப்பெயர் ‘சிடிரோம்’ என்றே நிற்கிறது.

டெவ்

‘/டெவ்’ என்பது ‘டிவைஸ்’ என்ற சொல்லின் தலை. கருவிகளும் கோப்புகளே என்பது யூனிக்ஸின் அடிப்படைக் கொள்கை. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1969இல் தொடங்கிய அந்த அமைப்பின் முதல் கையேடு 1971இல் வந்தது. அதிலேயே கருவிகளுக்கான ‘சிறப்புக் கோப்புகள்’ தனிப் பகுதியாக இடம்பெற்றுவிட்டன. ஒரு கோப்பைத் திறப்பது போலவே நாடா இயந்திரத்தையும் அச்சுப்பொறியையும் திறக்கலாம். ஒரே வினைச்சொல் எல்லாவற்றுக்கும் போதும்.

இந்தக் கோப்புக்குள் தரவு எதுவும் கிடையாது. இரண்டு எண்கள்தான் அதன் உடம்பு: எந்த வகைக் கருவி என்பதற்கு ஒன்று, அந்த வகையில் எத்தனையாவது என்பதற்கு ஒன்று. எஸ்ஆர்0 என்ற வட்டியக்கிக்கு, அதாவது வட்டைப் படிக்கும் கருவிக்கு, அவை 11, 0. இயங்குதளத்தின் கருவான கர்னல் எண்ணைப் பார்த்து வேலை செய்கிறது. பெயர் மனிதருக்காக ஒட்டியது.

அந்தப் பெயர்களின் கதை சுவையானது. தொண்ணூறுகளில் வட்டியக்கிகள் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனிவழியில் கணினியோடு சேர்ந்தன. மிட்சுமி இயக்கிக்கு எம்சிடி. சவுண்ட் பிளாஸ்டர் அட்டையில் தொங்கியதற்கு எஸ்பிபிசிடி. பிறகு ஐடிஇ கம்பி பொதுவானதும் இயக்கி பெரும்பாலும் ‘எச்டிசி’ ஆயிற்று. இரண்டாம் கம்பியின் முதல் கருவி என்பதால் மூன்றாம் எழுத்தான ‘சி’. முன்னெழுத்து இரண்டும் வன்வட்டைக் குறிப்பவை. அதாவது, ஒளிவட்டைப் படிக்கும் கருவி பல ஆண்டுகள் வன்வட்டின் பெயரில் வாழ்ந்தது.

ஸ்கசி என்ற வேறொரு இணைப்பு வழியில் வந்தவற்றுக்கு எஸ்சிடி, எஸ்ஆர் என்று இரு பெயர் இருந்தன. ‘எஸ்ஆர் இனி வேண்டாம், எஸ்சிடி என்றே வழங்குக’ என்ற கருத்து கர்னலின் கருவிப் பட்டியலிலேயே எழுதிவைக்கப்பட்டிருந்தது. வழக்கு அதற்கு எதிராகப் போனது. பழைய ஐடிஇ நிரலின் இடத்தை லிப்அட்டா என்ற புதிய கர்னல் நிரல் பிடித்து, பெடோரா 7 போன்ற லினக்ஸ் வழங்கல்கள் 2007இல் அதற்கு மாறியபோது, எச்டிசி என்று இருந்தவை ஒரே இரவில் எஸ்ஆர்0 ஆயின. இன்று எஸ்சிடி வழக்கொழிந்துவிட்டது. விலக்கச் சொன்ன எஸ்ஆர் நிலைத்துவிட்டது. பழைய ஐடிஇ நிரலே 2021இல் கர்னல் 5.14இலிருந்து நீக்கப்பட்டது. சொல்லின் ஆயுளைப் பட்டியல் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

குறி

இப்படி மாறிக்கொண்டே இருக்கும் பெயர்களை நம்பி மென்பொருள் எழுத முடியாது. ஆகவே நிலையான ஒரு பெயர் தேவைப்பட்டது: ‘/டெவ்/சிடிரோம்’. அது எஸ்பிபிசிடியைச் சுட்டலாம், எச்டிசியைச் சுட்டலாம், எஸ்ஆர்0ஐச் சுட்டலாம், அழைப்பவருக்குக் கவலையில்லை. இப்படிச் சுட்டும் பெயரை ‘சிம்பாலிக் லிங்க்’ என்கிறார்கள். யூனிக்ஸ் குடும்பத்துக்கு அது 1983இல் பெர்க்லியின் 4.2பிஎஸ்டி வழியாக வந்தது. தமிழில் ‘குறியீட்டு இணைப்பு’ என்று பெயர்த்து, பேச்சில் குறியீட்டை விட்டு ‘இணைப்பு’ என்று மட்டும் வைத்துக்கொண்டோம். கேபிளைத் தேடி என் கை போனது அதனால்தான்.

விட்டுவிட்ட பாதியில்தான் உயிர் இருக்கிறது. ‘சிம்பல்’ என்ற சொல்லின் மூலம் கிரேக்கத்தின் ‘சிம்போலோன்’. விருந்தோம்பியவரும் விருந்தினரும் ஓர் ஓட்டுத்துண்டையோ எலும்பையோ இரண்டாக உடைத்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். பல்லாண்டு கழித்து வருபவர் தம் பாதியைக் காட்டுவார். இரண்டும் பொருந்தினால் உறவு மெய். சேர்த்து எறிதல், சேர்த்து வைத்தல் என்பதே அதன் வேர்ப்பொருள்.

தமிழின் ‘குறி’ இதைவிட ஆழமானது. மாட்டுக்குப் போடுவதும் குறி, குறத்தி சொல்வதும் குறி. காரணமின்றி இட்ட பெயரை இடுகுறி என்றும், காரணம் பற்றி வந்ததைக் காரணப்பெயர் என்றும் நன்னூல் பிரித்தது. அகத்திணையில் காதலர் சந்திக்கக் குறித்துக்கொண்ட இடமே குறி. பகற்குறி, இரவுக்குறி என இரண்டு. இரவில் தலைவன் நீரில் கல்லெறிந்தோ, உறங்கும் பறவைகளை எழுப்பியோ தான் வந்ததை உணர்த்துவான். சில இரவு, காய் ஒன்று தானாக நீரில் விழும். அவன்தான் என்று அவள் வருவாள், இடம் வெறுமையாக இருக்கும், திரும்பிவிடுவாள். பின்னால் அவன் வந்து காத்துக்கிடப்பான். தொல்காப்பியம் இதற்கு வைத்த பெயர் அல்லகுறிப்படுதல்.

பழைய கணினிகளில் ‘சிடிரோம்’ என்ற பெயர் எச்டிசியைச் சுட்டியபடியே நிற்க, கர்னல் கருவியை எஸ்ஆர்0 என்று அழைக்கத் தொடங்கியபோது நடந்தது இதுவே. குறி இருக்கிறது, குறித்த இடத்தில் ஆள் இல்லை. ஆள் வேறிடத்தில் காத்திருக்கிறார். ஆங்கிலத்தில் இதை ‘டாங்லிங்’, தொங்கும் இணைப்பு என்கிறார்கள். அல்லகுறி அதைவிடச் சரியான சொல் என்பேன். தொங்குகிறது என்பது தோற்றத்தை மட்டும் சொல்கிறது; அல்லகுறி, நம்பி வந்தவர் ஏமாந்ததையும் காத்திருப்பவர் அறியாததையும் சேர்த்துச் சொல்கிறது.

குறி வைப்பவர்

அப்படியானால் இந்தக் குறியை வைப்பது யார்? தொடக்கத்தில் மனிதர் தம் கையால் வைத்தார். வன்வட்டில் இருந்த /டெவ் அடைவில் வரக்கூடிய கருவிக்கெல்லாம் முன்கூட்டியே பெயர்க்கோப்பு கிடக்கும். கருவி இல்லாவிட்டாலும் பெயர் இருக்கும். இதைத் தீர்க்க ரிச்சர்ட் கூச் டெவ்எப்எஸ் என்ற ஏற்பாட்டைக் கர்னலுக்குள் கொண்டுவந்தார். பெயரிடும் கொள்கை கர்னலுக்குள் இருக்கக் கூடாது என்று வாதிட்டு, கிரெக் குரோவா-ஹார்ட்மன் 2003இல் யூடெவ் என்ற வெளிநிரலைத் தந்தார். கருவி வந்ததும் கர்னல் அறிவிக்கும். யூடெவ் விதிகளைப் படித்துப் பெயர் சூட்டும். டெவ்எப்எஸ் 2006இல் நீக்கப்பட்டது. யூடெவ் 2012இல், கணினியைத் தொடக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி என்ற நிரலோடு சேர்ந்தது.

இன்று யூடெவின் இயல்பு விதி எஸ்ஆர்0க்கு ‘சிடிரோம்’ என்ற ஒரு பெயரைத்தான் சூட்டுகிறது. முன்பு கூடவே கிடைத்த டிவிடி, சிடிஆர்டபிள்யூ என்ற பெயர்கள் வழங்கலைப் பொறுத்தவை. ‘/டெவ்/டிவிடி’ என்று தேடும் பழைய மென்பொருள் புதிய கணினியில் திகைப்பது இதனால்தான்.

பெயர் காணாமற்போனால், கருவியிலிருந்து பெயருக்கு ஒவ்வொரு படியாக வரவேண்டும். கர்னல் கருவியைக் கண்டதா என்பதை டிமெசேஜ் கட்டளை சொல்லும்; அங்கே எஸ்ஆர்0 என்ற சொல் இல்லையென்றால் கேபிள், மின்சாரம், எஸ்ஆர்_மாட் என்ற கர்னல் கூறு ஆகியவற்றைப் பாருங்கள். எஸ்ஆர்0 இருந்தால், மென்பொருளுக்கு அந்தப் பெயரையே நேராகக் கொடுத்துப் பாருங்கள். பாடினால் கருவிக்குக் குறையில்லை. அனுமதி இல்லை என்று மறுத்தால், பயனரைச் சிடிரோம் குழுவில் சேர்க்க வேண்டும். அடுத்து, ‘சிடிரோம்’ என்ற பெயர் எதைச் சுட்டுகிறது என்று எல்எஸ் கட்டளையின் நீண்ட பட்டியலில் பாருங்கள். இல்லாத ஒன்றைச் சுட்டினால் அல்லகுறி. பெயரே இல்லையென்றால், விதியில் குறை.

கையால் ஒரு பெயர் செய்து வைக்கலாம். அடுத்த முறை கணினியைத் தொடங்கும்போது அது இராது. கர்னல் 2.6.32 முதல் /டெவ் நினைவகத்தில் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்க முடியும். இன்றைய வழங்கல்களில் அதுவே வழக்கம். நிலைக்கவேண்டுமானால் /இடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி அடைவில் ஒரு வரி விதி எழுத வேண்டும். அந்த வரியில் சமக்குறிக்கு முன் கூட்டல் குறி போட மறக்கக் கூடாது. கூட்டல் இருந்தால் புதுப்பெயர் சேரும். இல்லாவிட்டால் முன்பு சூட்டிய பெயரெல்லாம் அழியும்.

என் கணினியில் நடந்தது வேறொன்று. பழைய யூடெவ், இயக்கி எந்தத் துளையில் இருந்தது என்பதை ‘70-பெர்சிஸ்டென்ட்-சிடி’ என்ற விதிக்கோப்பில் எழுதிவைத்து, ‘சிடிரோம்’ என்ற பெயரை அந்தத் துளைக்கே உரிமையாக்கிவிடும். புது வன்வட்டு ஒன்றைச் சேர்த்தபோது துளை மாறியிருந்தது. அதனால் இயக்கிக்கு ‘சிடிரோம்1’ என்று புதுப்பெயர் விழுந்தது. ‘இணைப்பு’ என்ற சொல்லைக் கேட்டு நான் கேபிளை வேறு துளைக்கு மாற்றியதும் ‘சிடிரோம்2’ பிறந்தது. சரிசெய்யப் போய் ஒரு பெயரைக் கூட்டினேன். விதிக்கோப்பில் பழைய வரிகளை நீக்கி, கணினியை மறுபடி தொடங்கியதும் ‘சிடிரோம்’ தன் இடத்துக்குத் திரும்பியது. பெரியம்மாவின் குரலும் வந்தது.

கலைச்சொல் ஆக்குவோருக்கும் கணினி கற்பிப்போருக்கும் ஒரு வேண்டுகோள். கம்பியைக் குறிக்க ‘இணைப்பு’ இருக்கட்டும். ஒன்றைச் சுட்டி நிற்கும் பெயருக்குக் ‘குறிப்பெயர்’ என்றும், சுட்டிய இடம் வெறுமையானால் ‘அல்லகுறி’ என்றும் சொல்லிப் பழகுங்கள். “குறிப்பெயர் தொலைந்திருக்கும், பாருங்க” என்று என் நண்பர் சொல்லியிருந்தால், நான் திருப்புளியை எடுத்திருக்க மாட்டேன்.