திருக்கேதாரமும் உத்தராகண்ட நாடும்

தேவாரம் பெற்ற வடநாட்டுத் தலங்களுள் ஒன்று திருக்கேதாரம். ஆளுடைய பிள்ளையாரும் ஆளுடைய நம்பிகளும் திருக்காளத்தியில் இருந்தவாறே வடதிசை நோக்கி இத்தலத்தைப் பாடினர் என்பர் சேக்கிழார் பெருமான். கண்ணால் காணாது நெஞ்சால் கண்டு போற்றிய அம்மலைநாட்டின் இயல்பை நம்மனோர் சிறிதேனும் அறிதல் வேண்டும்.

உத்தரப் பிரதேசத்தினின்றும் பிரிந்து, 2000-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் உத்தராஞ்சலம் என்னும் பெயரால் தனி மாநிலமானது அந்நாடு. 2007-இல் உத்தராகண்டம் என்னும் பழம்பெயர் மீண்டது. மேற்கே கட்வால், கிழக்கே குமாவூன் என இரு கூறு, மாவட்டங்கள் 13. கூர்க்கர் 1804-இல் கட்வாலைக் கைப்பற்றியதும், பின்னர் ஆங்கிலேயர் அவரை வென்றதும் அரசியல் வரலாறு. அடியார்க்கு வேண்டுவது ஆறுகளின் வரலாறே.

கேதாரத்துக்கு மேலுள்ள சோராபாரிப் பனிப்பாறையில் தோன்றும் மந்தாகினி, உருத்திரப்பிரயாகையில் அளகநந்தையொடு கலக்கின்றது. அளகநந்தை தேவப்பிரயாகையில் பாகீரதியைக் கூடிய பின்னரே கங்கை எனப் பெயர் பெறுகின்றது. ஆதலின் நாம் கும்பத்தில் நிறைக்கும் கங்கை நீரில் கேதாரநாதர் மலைப்பனியும் ஒரு கூறாம்.

திருக்கோயில் ஏறத்தாழ 3,580 மீட்டர் உயரத்தில் உள்ளது. பனிக்காலம் ஆறு திங்களும் நடை சாத்தப்பெறும். அந்நாளில் உற்சவத் திருமேனி ஊகிமடத்து ஓங்காரேசுவரர் கோயிலில் எழுந்தருளிப் பூசை கொள்ளும். தலைமைக் குருவாகிய இராவல், கன்னட நாட்டில் வேரூன்றிய வீரசைவ மரபினர். மலையின் காலத்துக்கு மனிதன் பணிந்து நடந்த ஒழுங்கு இது.

அவ்வொழுங்கு பிற செயல்களில் தளர்ந்தது. 2013 சூன் 16, 17 நாள்களில் பெருமழை பொழிந்து, சோராபாரி ஏரி கரையுடைந்து, ஊரை வாரிச் சென்றது. மாண்டோர் பல்லாயிரவர். மேலிருந்து உருண்டு வந்த பெரும்பாறை ஒன்று கோயிலின் பின்புறம் தங்கி வெள்ளத்தை இரண்டாகப் பிளக்க, கோயில் நிலைத்தது. அதனைத் திருவருள் என்போம், ஐயமில்லை. எனினும் மந்தாகினியின் கரையை நெருக்கி விடுதிகளும் கடைகளும் எழுப்பியது யார் செயல்? தருமசத்திரம் கட்டும் புண்ணியர்களும் நீர்வழியை அறிந்தே கால்கோள் செய்தல் வேண்டும் என்பது அடியேன் துணிபு.

இக்குடமுழுக்கு நிறைவெய்திய பின் அங்குச் செல்லக் கருதும் அன்பர்கள், கௌரிகுண்டத்திலிருந்து ஏறத்தாழ 16 கி.மீ. மலைவழி ஏறல் வேண்டும். கௌரிகுண்டத்தையே பிள்ளையார் பாடிய அநேகதங்காவதம் எனக் கொள்வாரும் உளர். முன்னாளில் யாத்திரிகர் இளைப்பாறிய இராம்பாரா என்னும் சிற்றூர் அவ்வெள்ளத்தில் அழிந்தது. அதற்கப்பால் பாதை இப்போது ஆற்றின் மறுகரையில் செல்கின்றது.