காவற்காரனின் எக்காளமும் கடலோர மக்களும்

எசேக்கியேல் 33-ஆம் அதிகாரத்தின் காவற்காரனைப் பற்றி நாம் பலமுறை அருளுரையாற்றியிருக்கிறோம். வாள் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாதவனிடம் இரத்தப்பழி கேட்கப்படும். ஊதியதைக் கேட்டும் எச்சரிக்கையடையாதவனின் பழியோ அவன் தலைமேலேயே இருக்கும். இவ்விரண்டாம் கூற்றை நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வங்காள விரிகுடாக் கரையின் அண்மைக்கால வரலாறு, அதைச் சொல்லுமுன் நம்மைத் தயங்கச் செய்கிறது.

1970 நவம்பர் 12-ஆம் நாள் இரவு, அன்று கிழக்குப் பாக்கிஸ்தானாக இருந்த நாட்டின் போலாத் தீவையும் அதைச் சூழ்ந்த தாழ்நிலங்களையும் புயலும் கடல்வெள்ளமும் மூடின. மாண்டோர் மூன்று முதல் ஐந்து இலட்சம் வரை என மதிப்பிடப்படுகிறது. அப்புயல் எவரும் அறியாமல் வந்ததன்று. வானிலைத் துறையினர் அதைக் கண்டிருந்தனர், வானொலியும் அறிவித்தது. பின்னர் நடந்த ஆய்வொன்றின்படி, அப்பகுதியினரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் புயல் வருவதை அறிந்திருந்தனர். உறுதியான கட்டடங்களில் அடைக்கலம் புகுந்தவரோ நூற்றுக்கு ஒருவரளவே.

அப்படியாயின் பழி மடிந்தவர் தலைமேலா? அல்ல என்றே நாம் கருதுகிறோம். ஆற்று வண்டலால் உருவான திட்டுகளில் குடியேறியிருந்த ஏழைகளுக்கு ஓடி ஏற மேட்டுநிலமும் இல்லை. போதிய கட்டடங்களும் இல்லை. அறிவிப்பு அவர்கள் செவியை எட்டியது. புகலிடமோ அவர்களுக்கு எட்டவில்லை.

இப்பேரழிவுக்குப் பின், 1972-இல் செஞ்சிலுவைச் சங்கங்களின் முயற்சியால் புயல் ஆயத்தத் திட்டம் தொடங்கப்பெற்றது. 1973-இல் வங்காளதேச அரசும் அதன் பொறுப்பில் பங்கேற்றது. தொடக்கத்திலேயே ஏறத்தாழ 20,000 தொண்டர்கள் கடலோர ஊர்களிலிருந்தே சேர்க்கப்பட்டனர். கம்பியில்லாக் கருவி வழியே செய்தி கிடைத்ததும் அவர்கள் அபாயத்தின் அளவுக்கேற்பக் கொடிகளை ஏற்றினர். கையால் சுழற்றும் அபாயச்சங்கை ஒலித்தனர். வீடுவீடாகச் சென்று கூவினர். பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகளும் ஊரார் அனைவரையும் எச்சரிக்கப் பயன்பட்டன.

ஆயினும் 1991 ஏப்ரல் 29-ஆம் நாள் புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் மாண்டனர். அவர்களில் பெண்களும் சிறுவரும் மிகுதி. புகலிடங்கள் இன்னும் போதவில்லை. கணவரின் அனுமதியின்றி வீட்டைவிட்டு வெளியேறவும், தனியிடமற்ற கட்டடத்தில் ஆண்களோடு நெருங்கியிருக்கவும் பெண்கள் தயங்கினர். இதையுணர்ந்தபின் புகலிடங்கள் பெருகின. பெண் தொண்டர்களும் மிகுதியாகச் சேர்க்கப்பட்டனர். இன்று தொண்டர்கள் 76,000-க்கு மேற்பட்டோர். அவர்களில் பாதிப்பேர் பெண்கள். 2007 நவம்பர் 15-ஆம் நாள் சித்ர் புயலில் இறந்தோர் ஏறத்தாழ 3,400. புயல்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. கரைகளும் கட்டடங்களும் இதில் பங்குபெற்றன. எனினும் இம்மாற்றத்தில் ஊர்க்காவலரின் பங்கு பெரிது.

இவ்வரலாற்றோடு திருமறைப் பகுதியை மீண்டும் வாசிக்கையில், நாம் கவனியாது கடந்த ஒன்று புலப்படுகிறது. அக்காவற்காரன் வெளியிலிருந்து அனுப்பப்பட்டவன் அல்லன். தேசத்து மக்கள் தங்களுக்குள்ளிருந்தே அவனைத் தெரிந்துகொள்கின்றனர். அவன் குரலை அவர்கள் அறிவர். எச்சரிக்கையடைந்தவன் தன் உயிரைக் காத்துக்கொள்வான் என்று அப்பகுதி கூறும்போது, காத்துக்கொள்ள வழியுண்டு என்பதும் அதில் அடங்கியுள்ளது. வழியில்லாதவனுக்கு ஊதப்பட்ட எக்காளம் பாதி எக்காளமே.

ஆதலால் ஆற்றோரங்களிலும் கடலோரங்களிலும் ஊழியம் செய்யும் நாம், கேளாதவரைக் குறைகூறுமுன் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியவை உள. வெள்ளம் வரும் இரவில் ஆலயமணியை அடிப்பவர் யார்? அது அபாயமணி என்பதை ஊரார் அறிவரா? சபைப் பள்ளியின் மாடிச்சாவி எவரிடம் உள்ளது? படுக்கையிலிருக்கும் மூதாட்டியைத் தூக்கிவருபவர் யார்? நம் சபைப் பதிவேட்டில் பெயரில்லாதோரின் கதவைத் தட்டப்போகிறவர் யார்? மழை தொடங்குமுன் இவற்றிற்கு விடை காண்பதும் ஆயர்ப்பணியே.