சலான் தாளைக் கிழித்துப் போடாதீர்கள்

காவலர் தேர்வுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்த தம்பி ஒருவர் எங்களைத் தேடி வந்தார். திருப்புல்லாணிக்குப் பக்கத்து ஊர். அப்பாவும் அம்மாவும் கரிமூட்ட வேலைக்குப் போகிறவர்கள். "அக்கா, ரெண்டு வருசத்துக்கு முன்னாடி செப்டம்பர் பதினொண்ணுக்குப் பரமக்குடி போனப்ப, பைக்குல மூணு பேரு போனோம்னு மறிச்சு எழுதுனாங்க. அது இன்னும் கெடக்குமா, முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். தாள் எங்கே என்றோம். சட்டைப் பையோடு சேர்த்துத் துவைத்துவிட்டாராம்.

விண்ணப்பத்தில், உங்கள் மீது வழக்கு ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. "இல்லைன்னு போட்டுருவோமா?" என்பதுதான் அவர் உண்மையில் கேட்க வந்தது. அந்த ஒரு கேஸைத் தேடப் போய்த்தான், இந்த மாவட்டத்தில் நம் மக்கள் வண்டியேறிய வரலாற்றின் ஒரு பகுதி சிறு வழக்குப் பதிவேடுகளுக்குள் கிடக்கிறது என்பது எங்களுக்கே உறைத்தது.

கொஞ்சம் பின்னால் போவோம். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம் எல்லாவற்றிலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உரிமை உண்டு என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாண சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924-ல். சாலையில் நடப்பதற்கே ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. நடந்த பிறகு வண்டி. அன்றைய இராமநாதபுரம் மாவட்டம் இப்போது இருப்பதைவிடப் பெரியது. 1910-ல் உருவாகி 1985-ல் மூன்றாகப் பிரிக்கப்படும்வரை சிவகங்கையும் விருதுநகரும் அதற்குள்தான் இருந்தன. அங்கே ஓடிய தனியார் பேருந்துகளில் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தார்கள். ஜில்லா போர்டு தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிடர்களை ஏற்றாத பேருந்துகளின் உரிமத்தை ரத்து செய்வோம் என்று உத்தரவு போட்டார். 1929-ல் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவர்தான்.

இதை நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வண்டிக்கு உரிமம் கொடுப்பது, பறிப்பது என்ற அரசின் அதிகாரம் இந்த மண்ணில் ஒரு காலத்தில் நம் பக்கம் நின்றிருக்கிறது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் எதிர்ப்பக்கத்திலிருந்தும் உத்தரவு வந்தது. இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் 1930 டிசம்பரில் எட்டுத் தடைகளையும், 1931-ல் பதினொரு தடைகளையும் நம் மக்கள் மீது விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது, பொன் நகை கூடாது, பித்தளைக் குடம் கூடாது, பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதெல்லாம் பலருக்குத் தெரிந்ததுதான். கடைசித் தடையைப் பலர் கவனிப்பதில்லை. கல்யாணத்துக்குக் குதிரை ஊர்வலம் கூடாது, பல்லக்குக்குப் பதில் வீட்டுக் கதவைத்தான் பயன்படுத்த வேண்டும், எந்தக் காரியத்துக்கும் வாகனமே ஏறக் கூடாது. வீட்டுக் கதவைக் கழற்றி அதில் மாப்பிள்ளையைத் தூக்கிப் போகச் சொன்னவர்களின் ஊர்ச் சாலையில்தான் இன்று நம் தம்பி பைக் ஓட்டுகிறார். அது அவருக்கு வெறும் பைக்தான். அப்படி இருப்பதும் நல்லதே.

1957 செப்டம்பர் 11-ல் இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் கொல்லப்பட்டார். அதே நாளில், 2011-ல், அஞ்சலி செலுத்த வந்த கூட்டத்தின் மீது பரமக்குடியில் காவல் துறை சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள். இந்த இரண்டையும் நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு வந்ததைத்தான் பேச வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மாவட்டத்தில் தடையுத்தரவு. வாடகை வண்டியில் வரக் கூடாது, சொந்த நான்கு சக்கர வாகனத்தில்தான் வர வேண்டும், அதற்கும் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும், பைக், டிராக்டர், ஆட்டோ கூடாது, கூரைமேல் ஏறக் கூடாது. அக்டோபர் 30-க்கும் இதே போன்ற விதிகள்தான் என்பார்கள். காகிதத்தில் சரிதான். ஆனால் சொந்தக் கார் யாரிடம் இருக்கிறது? ஊரே காசு போட்டு ஒரு வேன், இல்லாவிட்டால் ஒரு குட்டியானை பிடித்துத்தான் நம் சனம் பரமக்குடி போய்க்கொண்டிருந்தது. அரசுப் பேருந்து விடுகிறார்கள், மறுக்கவில்லை. அதில் இடம் கிடைக்காதவன் பைக்கை எடுக்கிறான்.

அங்கேதான் சலான் வருகிறது. 2011-க்குப் பிந்தைய கட்டுப்பாடு நம் ஊர்களுக்குள் வந்து சேரும்போது அதன் உருவம் பெரும்பாலும் துப்பாக்கி அல்ல, மோட்டார் வாகனச் சட்டத்தின் ஒரு பிரிவு எண். தொகையும் சின்னதில்லை. 1988 சட்டத்துக்கு 2019-ல் வந்த திருத்தத்தின்படி தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் புதிய அபராதங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஹெல்மெட் இல்லையென்றால் முன்பு 100 ரூபாய், இப்போது 1,000. ட்ரிபிள்ஸுக்கு 1,000. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. ஹெல்மெட் போடாதே என்று நாங்கள் சொல்லவில்லை. போடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாம் இழந்த பிள்ளைகள் போதும்.

சரி, தம்பியின் கேஸ் எங்கே போனது? ஸ்பாட்டில் கட்டாத சலான் நீதிமன்றத்துக்குப் போனால், அங்கே எஸ்.டி.சி. என்ற வரிசையில் ஓர் எண் பெறும். சுருக்க விசாரணை வழக்கு என்று பொருள். இத்தகைய வழக்கில் நடுவர் நீண்ட தீர்ப்பு எழுதுவதில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 263-ஆம் பிரிவு, இப்போதைய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 286, பதிவேட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது. வரிசை எண், குற்றம் நடந்த தேதி, புகார் தேதி, புகார் கொடுத்தவர், எதிரியின் பெயர், தகப்பன் பெயர், ஊர், குற்றம், அவர் ஒப்புக்கொண்டாரா, முடிவு, தண்டனை, வழக்கு முடிந்த தேதி. அவ்வளவுதான். சாதிக்குக் கலம் கிடையாது. ஆனால் ஊர் என்ற கலத்தில் 'காலனி' என்று எழுதினால் வேறென்ன வேண்டும்? அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். பழைய பதிவேடுகளில் அது அப்படியே இருக்கும். தேதிக் கலத்தையும் ஊர்க் கலத்தையும் சேர்த்துப் படித்தால், எந்த நாளில் எந்தத் தெருக்காரர்களை மறித்தார்கள் என்று தெரியும். சமூகவியல் படிக்கிற தோழர்கள் ஆய்வுத் தலைப்பு கேட்டு எழுதுகிறீர்களே, இதோ ஒன்று. ஆனால் தள்ளிப் போடாதீர்கள். சிறு வழக்குக் கட்டுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள்.

தேடுவதற்கு இரண்டு இடங்கள். போக்குவரத்து அமைச்சகத்தின் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணையோ லைசென்ஸ் எண்ணையோ கொடுத்தால் நிலுவைச் சலான் தெரியும். நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் இராமநாதபுரம் மாவட்டத்தைத் தேர்ந்து பெயரைக் கொண்டு தேட வேண்டும். பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதினார்களோ, அது கடவுளுக்கும் அந்தக் குமாஸ்தாவுக்கும்தான் வெளிச்சம். தம்பியின் பெயரை ஐந்து விதமாக அடித்துப் பார்த்த பிறகு, தகப்பன் பெயரை வைத்துத்தான் பிடித்தோம். வழக்கு நிலுவையில் இருந்தது. அதில் 16 இலக்க சி.என்.ஆர். எண் ஒன்று இருக்கும். அதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை பெயர் தேவைப்படாது. தளத்தில் இல்லையென்றால் வழக்கே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நீதிமன்ற வளாகத்துக்கு நேரில் போய் அலுவலகத்தில் கேளுங்கள்.

கையாளுவதில் இளைஞர்கள் செய்யும் பெரிய தவறு, எல்லா 'ஃபைன் கட்டுவதும்' ஒன்று என்று நினைப்பது. அதிகாரியிடமோ இணையத்திலோ இணக்கக் கட்டணம் கட்டினால், 200-ஆம் பிரிவின்படி அந்தக் குற்றத்துக்கு மேல்நடவடிக்கை கிடையாது. அது தண்டனைத் தீர்ப்பு அல்ல. நீதிமன்றத்தில், அது மெய்நிகர் நீதிமன்றமாகவே இருந்தாலும், குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது வேறு. மூன்றாவது வழி மறுத்து வழக்காடுவது. கேமராவில் விழுந்த சலான் என்றால், 167-ஏ விதிப்படி நிகழ்வு நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும், படத்தையும் வழக்கு முடியும்வரை வைத்திருக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றங்களை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க ஆறு மாதக் கால வரம்பு உண்டு. தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது, ஆனாலும் அந்தக் கேள்வியை எழுப்பாமல் விடாதீர்கள். லைசென்ஸைப் பிடுங்கி வைத்தால் 206-ஆம் பிரிவின்படி தற்காலிக ரசீது கொடுத்தாக வேண்டும்.

தாளில் மோட்டார் வாகனச் சட்டத்தோடு பழைய ஐ.பி.சி. 188 அல்லது புதிய பி.என்.எஸ். 223 சேர்ந்திருந்தால், அது போக்குவரத்து வழக்கு மட்டுமல்ல, தடையுத்தரவை மீறிய வழக்கு. உத்தரவு போட்ட அதிகாரி எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்காமல் நீதிமன்றம் அதை எடுக்க முடியாது. ஜீவானந்தம் வழக்கில் 2018-ல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, காவல் துறை தானாக 188-ல் முதல் தகவல் அறிக்கை பதிய முடியாது என்று சொல்லி அப்படிப் பதிந்தவற்றை ரத்து செய்தது. இத்தகைய வழக்கில் 'சின்னக் கேஸ்தானே' என்று ஒப்புக்கொண்டு கட்டிவிடுவது பின்னால் கழுத்தைப் பிடிக்கும். வக்கீலைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். காசில்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பட்டியல் சாதியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு.

தம்பிக்கு வருவோம். சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்யப்பட்டவரைக்கூட, வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதலாம் என்று காவலர் தேர்வு தொடர்பாக 2008-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லியிருக்கிறது. அதைக் கேள்விப்பட்டுத்தான் அவருக்கு மறைக்கத் தோன்றியது. ஆனால் அவதார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு கோணம். அற்பமான குற்றமாக இருந்தால் மன்னிக்கலாம், அதுவும் பணிக்கு எடுப்பவரின் முடிவு. மறைத்தால் மறைத்ததே தனிக் குறை. அவர் மீது இருந்தது ட்ரிபிள்ஸ் மட்டும்தான், தடையுத்தரவுப் பிரிவு இல்லை. மூன்று பேர் போனது உண்மை. வக்கீலோடு பேசி, ஒப்புக்கொண்டு கட்டுவது என்று அவரே முடிவெடுத்தார்.

நகல் மனு போட்டு, சான்றிட்ட நகல் கைக்கு வர இரண்டு முறை அலைந்தோம். ஒரே ஒரு பக்கம். விண்ணப்பத்தில் 'ஆம்' என்று எழுதி அதை இணைத்தார். இன்னொரு பிரதியை எங்கள் கோப்பில் வைத்திருக்கிறோம். தேர்வு முடிவு இன்னும் வரவில்லை.